செய்யாத ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற உனக்கு

கண்ணு,

நீ ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. பெயரும் யோசித்து வைக்கவில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளையும் கூப்பிடுகிற மாதிரி உன்னையும் கண்ணு என்றே கூப்பிடுகிறேன். இதை நீ வாசிக்கும்போது வளர்ந்து ஆளாகியிருப்பாய். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகிற வாரத்தில் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. கொடுக்க நான் இருப்பேனா என்ற பயம்தான் இப்போதே எழுத வைக்கிறது. வருகிற திங்கட்கிழமை என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை கீறித் தைத்த அதே இடத்தில் மறுபடியும் கீறி உன்னை எடுக்கப் போகிறார்கள். உட்கார்ந்தால் இடுப்பு கடுக்கிறது, நின்றால் கால் வீங்குகிறது. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய்த் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன், ஆஸ்பத்திரிக்கு எடுத்துவைத்த பையைத் திறந்து மடித்ததையே மறுபடி மடிக்கிறேன். உன் அக்காக்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலும் பால்வாடியிலும் இருக்கிற இந்த மத்தியான நேரம்தான் எனக்கென்று கிடைப்பது. அதிலும் நீ ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை. விலாவில் உதைத்துக்கொண்டே இருக்கிறாய்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் சொந்தக்காரர்களின் வாய் உனக்குத் தெரிந்திருக்கும். ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில், உன் இலையில் சோறு விழுந்துகொண்டிருக்கும்போது, பக்கத்து இலைக்காரர் சிரித்துக்கொண்டே, "நீ ஆப்ரேசன் தப்பிப் பொறந்த ஆளல்லோ?" என்று கேட்பார். நீ இப்போதே, பிறக்கும் முன்னமே, அந்தப் பெயரை வாங்கிவிட்டாய். அவர் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். அது உண்மை இல்லை கண்ணு. ஆபரேஷன் தப்பவில்லை. ஆபரேஷன் நடக்கவே இல்லை. நடந்துவிட்டதாக ஒரு வீடே நம்பிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

உன் சின்னக்கா பிறந்த கதையிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். அன்றைக்கு விடிகிற நேரத்தில் எனக்கு உதிரம் கொட்ட ஆரம்பித்தது. உன் அப்பா வாடகைக் கார்க்காரரைத் தட்டி எழுப்பி, அன்னூரிலிருந்து கோவை போகிற ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோனார். ஊரில் எல்லோரும் அதைச் சிஸ்டர் ஆஸ்பத்திரி என்பார்கள். பெரியவளும் அங்கேதான் பிறந்தாள். அங்கே பெரிய டாக்டரும் ஒரு கன்னியாஸ்திரிதான். நாங்கள் சிஸ்டர் டாக்டர் என்போம். மலையாளத்துக்காரர், வந்து ரொம்ப வருஷமாகியும் பேச்சில் அந்த வாடை போகவில்லை. மயக்க மருந்து ஏறுவதற்கு முன் என் நெற்றியில் கையை வைத்து, "பயப்படாதே மோளே, ஞான் இருக்கேன்" என்றார். இருந்தார். சின்னவளும் பிழைத்தாள், நானும் பிழைத்தேன். அந்தக் கை எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்பது இப்போதும் என் நெற்றிக்குத் தெரியும். இனி நான் சொல்லப்போகிற குறை எல்லாம் அந்தக் கையை மறந்துவிட்டுச் சொல்வதில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நம் பக்கத்தில் இரண்டாவது பிரசவம் என்றால் அதோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்ந்தது. அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தால், மூடுவதற்கு முன் கேட்டு அதையும் முடித்துவிடுவார்கள். 'சேத்துப் பண்றது' என்பது பேர். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பெண்கள் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னமே, "சேத்துப் பண்ணியாச்சுங்களா?" என்று கேட்டார்கள். உன் அப்பாவைப் பெற்றவர், என் அத்தை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். "அதெல்லாம் பண்ணிப்போட்டாங்க. என்ரகிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க. ரெண்டும் பொட்டப்புள்ளையாப் போச்சு. இன்னொன்னு பாத்திருந்தா ஒரு பையன் வந்திருப்பானல்லோ?" அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. மருமகளின் வயிற்றில் தையல் இருந்தது. தையல் இருந்தால் முடிந்தது என்று அர்த்தம். அவர் அழுததைப் பார்த்து நான் நம்பினேன். உன் அப்பா பேசி முடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் டாக்டரிடம் சொல்லியிருப்பேன் என்று உன் அப்பா நினைத்துக்கொண்டார்.

சிரிக்காதே. நான் விலங்கியல் படித்தவள். அதுவும் கோவையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரியில். எலியின் கருப்பையைப் படம் வரைந்து, பாகம் குறித்து, 'நன்று' வாங்கியவள். என் கருப்பையில் என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெள்ளைச் சேலை கட்டிய சிஸ்டர் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பது, கல்லூரியில் வார்டன் சிஸ்டர் முன்னால் சினிமாப் பாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு கூச்சம். அவர்களுடைய மதத்தில் அந்த ஆபரேஷன் கூடாது என்பது எங்கேயோ காதில் விழுந்திருந்தது. ஆனால் அது மாதா கோயிலுக்குள் இருக்கிற சட்டம், ஆஸ்பத்திரி ஆபரேஷன் மேஜை வரைக்கும் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களும் சொல்லவில்லை. தையல் பிரித்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, "குழந்தையை நன்னாப் பாத்துக்கோ" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அத்தை ஜாடை பேசாத நாள் கிடையாது. பக்கத்து வீட்டில் பையன் பிறந்தால் எனக்குப் பேச்சு, கோயிலில் முடி இறக்கினால் பேச்சு. செய்யாத ஒரு ஆபரேஷனுக்கு நான் வாங்கிய பேச்சை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அரசாங்க ஹெல்த் நர்ஸ் ஒருவர் மாதாமாதம் நம் தெருவுக்கு வருவார். காப்பர்-டி போட்டுக்கொள்கிறீர்களா, மாத்திரை வேண்டுமா, ஆணுறை வேண்டுமா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்பார். நம் வீட்டுக்கு வந்தால் மோர் மட்டும் வாங்கிக் குடிப்பார். "உங்க ஊடு முடிஞ்சுதுங்களேக்கா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு என்ன தேவையோ அது அந்தப் பையில் இருந்தது. நான் அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. அத்தை பித்தம் என்று சுக்குக் கஷாயம் வைத்தார். நான் ரத்தம் குறைந்துவிட்டது என்று பேரீச்சம்பழம் தின்றேன். தீட்டு நின்று போனதைக்கூட உடம்பு பலவீனம் என்றே நினைத்தேன். வயிறு மேடிடத் தொடங்கிய பிறகுதான் பயந்துபோய், கட்டியோ என்னவோ என்று சிஸ்டர் டாக்டரிடம் போனேன். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கட்டி இல்லை. நாலு மாசம். உனக்குத் தெரியாதா?"

"அது எப்படிங்க சிஸ்டர்? எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிருச்சுங்களே?"

"என்ன ஆபரேஷன்?"

"சின்னவள் பொறந்தப்பவே நீங்க சேத்துப் பண்ணினதுங்க."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தார். "இங்கே அது செய்யமாட்டோம் மோளே. எப்போதும் செய்தது இல்லை. உனக்கு யார் செய்ததாகச் சொன்னார்கள்?"

யார் சொன்னார்கள்? அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அவருடைய மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். அழுதது உன்னை நினைத்து இல்லை. தையல் பிரித்த நாளில் அவர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. "உள்ளே எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்தது, ரொம்பப் பாடுபட்டு எடுத்தோம், இனி கவனம்" என்றார். கவனம் என்றால் என்ன என்று அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று எழுந்துபோய் முற்றத்தில் நடந்துவிட்டு வந்தேன். தாண்டமாட்டேன். கலைத்துவிடலாமா என்று யோசித்தேன் கண்ணு. சட்டம் இடம் கொடுக்கிறது, கோவையில் செய்வார்கள் என்று தெரியும். உன் அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு அன்னூர் கடைவீதியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன மோட்டாரைத் திறந்து, கருகிய கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றுவார். மோட்டாரிடம் அவர் காட்டுகிற பொறுமையில் பாதியை வீட்டுப் பேச்சில் காட்டமாட்டார். கேட்டதற்கு எல்லாம் ஒரே பதில்தான். "உன்ர இஷ்டம்." இதற்கும் அதையே சொன்னார். நான் கத்தினேன். "என்ர வயிறு, என்ர உசிரு, எல்லாம் என்ர இஷ்டமுங்களா? உங்களுக்கு இதுல என்னதானுங்க பங்கு?" என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஒரு வாரம் அப்படியே போனது. அந்த வாரத்தில் ஒரு நாள், துவைக்கிற கல்லருகே குனிந்தபோது, நீ முதல் முறையாக அசைந்தாய். அசைந்ததால்தான் உன்னை வைத்துக்கொண்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. பயந்தேன், கோபப்பட்டேன், நாள் தள்ளிப்போட்டேன், ஒரு காலையில் எழுந்தபோது வேண்டாம் என்ற எண்ணம் என்னிடம் இல்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. வேறு யாரும் எனக்காக அதை முடிவு செய்யவில்லை என்பது மட்டும் தெரியும். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அத்தைக்குச் செய்தி தெரிந்ததும் வீட்டில் நோம்பித் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. பச்சரிசி மாவு இடித்தார், கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். "ஆண்டவன்தான் அந்த டாக்டரம்மா கையப் புடிச்சு நிறுத்திப்போட்டான். பையன்தான் அம்மணி, நான் சொல்றன் பாரு." அதுவரைக்கும் சிஸ்டர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர், ஒரு தட்டு நிறைய வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார். சிஸ்டர்களுக்கு எதற்கு என்று புரியவே இல்லையாம்.

எனக்கு மட்டும் ஒரே கேள்வி. உன்னை எங்கே பெறுவது? கோவைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் உன்னை எடுக்கும்போதே எனக்கு ஆபரேஷனையும் முடித்துவிடுவார்கள். ஒரே கீறல், ஒரே தையல். ஒரு நாள் போய்க் கேட்டும் வந்தேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள், தாராளமாகச் செய்யலாம் என்றார்கள். ஆனால் அன்றைக்கு எந்த டாக்டர் இருப்பார் என்று சொல்ல முடியாது. என் வயிற்றுக்குள் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர் ஒருவர்தான். சிஸ்டர் டாக்டர். அவரிடம் போனால் உயிருக்குத் தைரியம். ஆனால் உன்னை எடுத்துவிட்டு, எல்லாம் கண்முன்னால் திறந்து கிடக்க, இரண்டு முடிச்சுப் போடாமல் அப்படியே மூடிவிடுவார். பிறகு நான் வேறொரு இடத்தில் இன்னொரு தடவை படுக்க வேண்டும், அல்லது மறுபடி பயந்து பயந்து மாதத்தைத் தள்ள வேண்டும். நம்புகிற கையில் அது கிடைக்காது, கிடைக்கிற இடத்தில் அந்தக் கை இல்லை. மாதம் ஏற ஏற இந்த இரண்டுக்கும் நடுவில் நான் ஊஞ்சல் மாதிரி ஆடினேன். சோறு வடிக்கும்போது பெரியாஸ்பத்திரி என்று முடிவு செய்வேன், குழம்பு கொதிக்கும்போது சிஸ்டர் என்று மாற்றுவேன்.

அடுத்த செக்கப்பில் நேராகவே கேட்டுவிட்டேன். "எனக்காக ஒரு தடவை பண்ணக் கூடாதுங்களா சிஸ்டர்? இன்னொரு பிரசவம் ஆகாதுன்னு நீங்கதானுங்க சொல்றீங்க."

"ஆகாது. உண்மை. ஆனாலும் என்னால் முடியாது மோளே. நான் ஏற்றுக்கொண்டது அப்படி. என் கை அதற்கு வராது."

"சரீங்க. பண்ணமாட்டீங்க. சொல்லவாவது செஞ்சிருக்கலாமல்லோ? 'இங்கே அது கிடையாது, வேணும்னா வேற எடம் பாத்துக்கோ'ன்னு?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "கேட்டவர்களிடம் மறைத்ததில்லை. கேட்காதவர்களிடம் நானே போய்ச் சொன்னால், வேறு இடத்துக்கு நானே வழி காட்டின மாதிரி ஆகும். அதுவும் எனக்குக் கூடாது."

"நீங்க சொல்லாததால நான் முடிஞ்சுதுன்னு நெனச்சேனுங்க. ஹெல்த் நர்ஸும் அப்படியே நெனச்சுப் போயிட்டாங்க. சொல்லாம வுட்டதும் எனக்கு ஒரு பதிலாத்தானே ஆயிருச்சு?" வாசல் பக்கம் கையைக் காட்டினேன். "வாசல்ல எத்தன போர்டு வெச்சிருக்கீங்க. செருப்ப வெளிய வுடு, எச்சில் துப்பாதே, பீடி புடிக்காதேன்னு. இதுக்கும் ஒரு போர்டு வெக்கக் கூடாதுங்களா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை என் கையில் சுற்றிக்கொண்டே, "உன் பிரஷர் ஏறுது, பேசாதே" என்று மட்டும் சொன்னார். போர்டு இன்றைக்கு வரைக்கும் வைக்கவில்லை. ஆனால் செக்கப்புக்குக் காத்திருக்கிற பெஞ்சில் நான் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் உட்காருகிறவளிடம் எத்தனையாவது என்று கேட்கிறேன். இரண்டாவது என்றால், "இங்கே சேத்துப் பண்றதில்லீங்க, தெரியுமல்லோ?" என்று சொல்லிவிடுகிறேன். ஒருத்தி மிரண்டுபோய், "ஏனுங்க்கா, அப்ப என்ர நங்கையாளுக்கு, எங்கண்ணன் சம்சாரத்துக்கு, மூணு வருசத்துக்கு முன்னால இங்கதானுங்க பண்ணினது?" என்றாள். பக்கத்திலிருந்த வயதான பெண், "போயி வெசையாக் கேளு ஆத்தா, இன்னேரம் தொட்டில் கட்டியிருக்கப் போறா" என்றதும் பெஞ்சே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. டாக்டரைப் பார்க்காமலேயே எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சிஸ்டர் டாக்டரிடமும் ஒரு வழி இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு கடைப்பிடிக்க 'இயற்கை முறை' என்று சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். எந்த நாளில் சேரலாம், எந்த நாளில் கூடாது என்று உடம்பின் குறிகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற முறை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் வர வேண்டும். நான் கூப்பிட்டால் உன் அப்பா வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. "உன்ர இஷ்டம்" என்று சொல்லி, கடையைச் சாத்திவிட்டு மொபெட்டில் என்னை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த ஜோடிகள் எல்லாம் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஒரு இளவயது சிஸ்டர் கரும்பலகையில் படம் போட்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல், வெள்ளைப்படுதல் வரைக்கும் விளக்கினார். உன் அப்பா காது சிவந்துபோய் மேலே சுற்றுகிற மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து சிஸ்டர், "ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றபோது எழுந்து நின்றார். நான் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். "ஃபேன்ல பேரிங் போயிருச்சுங்க சிஸ்டர். சத்தம் கேக்குதுங்களே? கழட்டிக் குடுத்தா மாத்திக் கொண்டாந்து தாரேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த சிஸ்டரும் சிரித்துவிட்டு, "அண்ணா, ஃபேன் இருக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். இது அவங்க பொறுப்பு மட்டும் இல்லை, இரண்டு பேர் பொறுப்பு" என்றார்.

உன் அப்பா உட்கார்ந்துவிட்டார். திரும்பி வருகிற வழியில் மேடு பள்ளம் வந்த இடங்களில் மொபெட்டை உருட்டுகிற மாதிரி ஓட்டினார். என் மனம் வேறு கணக்குப் போட்டது. மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் படுக்கிற வீட்டில், கைக்குழந்தையோடு தூக்கம் கெட்டு எழுகிற உடம்பில், அந்தக் குறிகளை எப்போது பார்ப்பது, யாரிடம் சொல்வது? முறை தப்பென்று நான் சொல்லவில்லை. அதை நம்பி இருக்கிறவர்களை அங்கே பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். இன்னொரு பிரசவம் ஆகாது என்று சொல்லப்பட்ட ஒருத்தி அதன்மேல் சாய முடியுமா என்பதுதான் என் பயம். அந்த வாரம் முழுக்கப் பெரியாஸ்பத்திரி, சிஸ்டர், பெரியாஸ்பத்திரி, சிஸ்டர் என்று மனது ஓய்வில்லாமல் அடித்துக்கொண்டது.

போன வாரம் ஒரு நாள் காலையில் உன் அப்பா சாமான் வாங்கக் கோவைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பொழுது சாய்கிற நேரத்தில்தான் திரும்பி வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து வருகிறவரைத் தெருவே பார்த்தது. காலை அகட்டி அகட்டி, முட்டைக் கூடையைச் சுமக்கிறவர் மாதிரி நடந்து வந்தார். அத்தை அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினார். "என்னடா ஆச்சு சாமி?" "பஸ் படியில வழுக்கிப்போட்டனுங்கம்மா. ஒன்னுமில்ல." கட்டிலில் படுக்கவைத்து, அத்தை வெந்நீர் போட்டுக்கொண்டு வந்தார். துணியை நனைத்துப் பிழிந்து முழங்காலில் ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்தார். "இங்கயா நோவுது?" "ஆமாங்கம்மா." "இந்தக் காலா, அந்தக் காலா?" "ரெண்டும்தானுங்க." எனக்கு என்னவோ போல இருந்தது. வழுக்கி விழுந்தவரின் வேட்டியில் மண் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தை தண்ணீர் மாற்ற உள்ளே போன நேரத்தில் காதோடு கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த சிஸ்டர் ரெண்டு பேர் பொறுப்புன்னாங்கல்ல. நீ ரெண்டு தடவ கத்திக்குப் படுத்துட்ட, மூணாவதும் படுக்கப் போற. நான் இதுவரைக்கும் எதுக்கும் படுக்கல. அதான் போயிப் பண்ணிப்போட்டு வந்துட்டேன். நீ அந்தம்மாகிட்டயே பெத்துக்க. இனி உனக்கு எதுவும் பண்ண வேண்டாம்."

நான் அவர் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டேன். அவரே மெதுவாகச் சிரித்தார். "ஆம்பள வந்திருக்கான்னு டாக்டரே எந்திரிச்சு வந்து கை குடுத்தாரு. கூட வந்தது யாருன்னாங்க. கூட வந்தவனும் நான்தானுங்கன்னேன்." பிறகு, "குழந்த நல்லபடியாப் பொறக்கட்டும், அப்பறம் வாங்களேன்னு சொன்னாங்க. நான்தான் இன்னைக்கே பண்ணுங்கன்னு நின்னேன். மூணு மாசத்துக்குக் கவனமா இருக்கோணுமாமா. டெஸ்ட்டு இருக்குது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் ஒரே நேரத்தில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அத்தை வெந்நீரோடு திரும்பி வந்தார். துணியைப் பிழிந்து மறுபடி முழங்காலில் வைத்தார். கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்க நோவுதுன்னு எனக்கும் தெரியும்டா" என்றார். "நான் பெத்தவ. உன்ர நடை எனக்குத் தெரியாதா?" துணியை இன்னொரு தடவை பிழிந்தார். "பொறக்கிறது பையனான்னு பாத்துப்போட்டுப் போயிருக்கலாமல்லோ சாமி? இன்னும் கொஞ்ச நாள்தானே? அவசரமா?"

உன் அப்பா கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். "பாத்துட்டுப் போனா, பாத்ததுக்காகப் போன மாதிரி ஆயிருமுங்கம்மா. எதுவா இருந்தாலும் இதுதான் கடைசீன்னு முன்னாலயே போயிட்டேன்."

அத்தை ஒத்தடத் துணியை உதறிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் வேளாவேளைக்கு வெந்நீர் மட்டும் போட்டுக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துவிட்டுப் போகிறார்.

ஆகவே, திங்கட்கிழமை சிஸ்டர் டாக்டரிடம்தான் போகிறேன். நேற்றுக் கடைசி செக்கப்பில், "பிறகு என்ன முடிவு செய்தாய்?" என்று கேட்டார். அவருடைய வகுப்பில் கேட்ட ஒரு வார்த்தையை வைத்து உன் அப்பா எங்கே போய் நின்றார் என்று நான் சொல்லவில்லை. "பாத்துக்கிட்டோமுங்க" என்று மட்டும் சொன்னேன். சொல்லாமல் விட்டதற்காக அவரோடு சண்டை போட்டவள், இப்போது நானும் சொல்லாமல் விட்டேன். அது வழியெல்லாம் உறுத்தியது. உன்னை வெளியே எடுத்து, என்னைத் தைத்து முடித்த பிறகு, நான் கண் விழித்தால், அவரிடம் சொல்லிவிடுவேன். வருத்தப்படுவார். என் நெற்றியில் கை வைக்காமல் போகமாட்டார் என்று நம்புகிறேன்.

உனக்கு என்ன சொல்வது என்று யோசித்தால் நீளமாக ஒன்றும் வரவில்லை. உன் துணையோடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எவ்வளவு நல்லவர்கள் இருக்கிற இடமானாலும், இங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்கிற அதே வாயால் என்ன செய்யமாட்டீர்கள் என்றும் கேட்டுவிடு. கூச்சம் வரும். எனக்கும் வந்தது. நீ ஆணாக இருந்தால், "உன்ர இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டாதே. உன் அப்பா அதிலிருந்து வெளியே வருவதற்குள் மூன்று குழந்தைகள் ஆகிவிட்டன. நீ பெண்ணாக இருந்தால், உன் உடம்பைப் பற்றி வீட்டில் யாராவது நிச்சயமாகச் சொன்னால், அவர்களுக்கு யார் சொன்னது என்று கேள். பந்தியில் அந்த ஆள் சிரித்துக்கொண்டே கேட்டால், நீ சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்லலாம். ஆபரேஷன் நடந்தது, நான் பிறப்பதற்கு முன்பு, என் அப்பாவுக்கு, நான் யார் என்று அவர் பார்ப்பதற்கு முன்பு, என்று சொல்.

அத்தை கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். பையை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து உனக்கு நாலு இடுப்புத் துணியும் இரண்டு சட்டையும் தைத்து வைத்திருந்தேன். அவற்றின்மேல் இப்போது மூன்றாவதாக ஒரு சட்டை இருக்கிறது. மஞ்சள் துணி, கையால் போட்ட பெரிய பெரிய தையல். நான் தைத்தது இல்லை. அத்தை எப்போது தைத்தார், எப்போது உள்ளே வைத்தார் என்று தெரியவில்லை. பையனுக்கும் போடலாம், பெண்ணுக்கும் போடலாம்.

அதை மடித்தபடியே விட்டுப் பையை மூடிவிட்டேன். திங்கட்கிழமை வா கண்ணு.

உன் அம்மா